லாரிக்கு ஒரு வாளி யூரியா!

தடா அருவிக்குப் போறோம்னு வீட்ல சொல்லிட்டோ, சொல்லாமலோ ஜி.என்.டி. ரோட்ல பைக்கை விரட்டியிருப்பீங்க. செங்குன்றம் தாண்டி, காரனோடை தாண்டி, தச்சூர் கூட்டுச் சாலை வந்ததும் வேகம் தன்னால குறையும். முன்னாடி கம்பி லோடு, பின்னாடி கன்டெய்னர், பக்கத்துல டிப்பர். கர்ச்சீப்பை எடுத்து மூஞ்சியில கட்டிக்கிட்டு, 'சே, என்னா புகைடா!'னு திட்டிக்கிட்டே ஓவர்டேக் பண்ணியிருப்பீங்க.

அடுத்த தடவை போகும்போது ஒரே ஒரு நிமிஷம் திட்டுறதை நிறுத்திட்டு, பக்கத்துல போற புது லாரியோட டீசல் டேங்க்கைப் பாருங்க. பெரியண்ணன் பக்கத்துல நிக்கிற குட்டித் தம்பி மாதிரி இன்னொரு டேங்க் இருக்கும். நீல கலர் மூடி. உள்ளே இருக்கிறது டீசல் இல்ல, ஆயில் இல்ல, வெறும் தண்ணியும் இல்ல. யூரியா! ஆமா பாஸ்... வயலுக்குப் போடுறாங்களே, அதே யூரியாவைச் சுத்தமா தயாரிச்சு, சுத்தமான தண்ணியில கரைச்சது.

நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். இந்த மேட்டர் செமஸ்டர்ல ரெண்டு மார்க் கேள்வியா வந்தா கண்ணை மூடிக்கிட்டு எழுதிடுவேன். ஆனா, அந்த நீல மூடியை நான் முதன்முதலா கையால திறந்து பார்த்தது கிளாஸ்ல இல்ல. கவரைப்பேட்டை பக்கத்துல, ரோட்டோரம், என் மாமா தலையில கை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்த ஒரு மத்தியான நேரத்துல!

'இழுக்க மாட்டேங்குது மாப்ளே!'

மாமாவுக்குச் சொந்தமா ஒரே ஒரு பன்னெண்டு சக்கர லாரி. ஓனரும் அவர்தான், டிரைவரும் அவர்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்ல இரும்புக் கம்பி ஏத்திக்கிட்டு ஆந்திரா, ஒடிசா, கொல்கத்தானு போவார். வண்டிக்கு இன்னும் டியூ முடியலை.

அன்னிக்கு போன் வந்துச்சு. "இன்னா மாப்ளே... நீ என்ஜினீயருக்குத்தானே படிக்கிறே? வண்டி இழுக்கவே மாட்டேங்குதுடா. லோடு ஏத்தினா மாட்டு வண்டி மாதிரி போவுது. போர்டுல மஞ்சள் லைட்டு வேற எரியுது."

பஸ் புடிச்சு ஓடினேன். அதுக்குள்ள மெக்கானிக் அண்ணன் வந்து, சைலன்சர் பக்கத்துல இருந்த ஒரு சின்ன நாசிலைக் கழட்டிக் கையில வெச்சிருந்தார். அதைச் சுத்தி வெள்ளை வெளேர்னு கல்கண்டு மாதிரி கட்டி. தமிழும் தெலுங்கும் கலந்து மாமாவைத் திட்டிக்கிட்டு இருந்தார். விஷயம் இதுதான்: ரோட்டோரத்துல ஒரு இடத்துல கேன்ல லூஸா, பேர் ஊர் இல்லாத யூரியாத் தண்ணியைக் கம்மி விலைக்கு வாங்கி மூணு தடவை ஊத்தியிருக்கார் மாமா. மஞ்சள் லைட் எரிஞ்சு ஒரு வாரம் ஆச்சு. அதையும் கண்டுக்கலை.

"ரெண்டு வழி இருக்குண்ணே"ன்னார் மெக்கானிக். "ஒண்ணு, டேங்க்கை முழுசா காலி பண்ணிக் கழுவி, ஃபில்டர், நாசில் எல்லாம் மாத்தணும். உள்ளே கேட்டலிஸ்ட்டும் போயிருந்தா செலவு லட்சத்துல நிக்கும். இன்னொண்ணு..." குரலைக் குறைச்சார். "ஒரு சின்ன டப்பா இருக்கு. ஒயர்ல மாட்டிட்டா, 'எல்லாம் சரியா இருக்கு'ன்னு கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லிடும். அப்புறம் யூரியாவே ஊத்த வேணாம்."

மாமா என்னைப் பார்த்தார். "புகையே கண்ணுக்குத் தெரியலையேடா மாப்ளே. டப்பா மாட்டினா யாருக்கு நஷ்டம்?"

எனக்கு டக்குனு பதில் வரலை. ரெண்டு மார்க் பதில் அங்கே செல்லாதுன்னு மட்டும் தெரிஞ்சுது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடின கதைதான் இது.

தெரியுற புகை, தெரியாத புகை

டீசல் இன்ஜின்ல ரெண்டு தொல்லை இருக்கு. ஒண்ணு கரி. அது கறுப்பா தெரியும். அதைப் பிடிக்க, புது லாரி சைலன்சருக்குள்ள ஒரு ஃபில்டர் இருக்கு. அதனாலதான் மாமா வண்டியில புகையே தெரியலை.

ரெண்டாவது தொல்லைதான் வில்லன். நாம சுவாசிக்கிற காத்துல 78 சதவிகிதம் நைட்ரஜன். அது பாட்டுக்கு யார் வம்புக்கும் போகாது. ஆனா, இன்ஜின் சிலிண்டருக்குள்ள 1,500 டிகிரிக்கு மேல சூடு ஏறும்போது, அந்தச் சாது நைட்ரஜனும் ஆக்சிஜனோட சேர்ந்துடுது. அப்படிப் பிறக்கிற நைட்ரஜன் ஆக்ஸைடுகளைத்தான் சுருக்கமா 'நாக்ஸ்'னு சொல்றாங்க. வால் பகுதியில கறுப்பெல்லாம் இருக்காது. சைலன்சர்ல இருந்து வெளியே வர்ற அளவுக்கு அது கண்ணுக்கே தெரியாது. ஆனா மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும், ஆஸ்துமாவைக் கிளப்பும். வெயில் பட்டா ஓசோனா மாறும். காத்துல இருக்கிற மத்த சரக்குகளோட சேர்ந்து நுண்துகளாவும் மாறும். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2012-லேயே அறிவிச்சாச்சு.

'பெட்ரோல் வண்டியில சும்மா ஒரு கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வெச்சு இதைச் சமாளிக்கிறாங்களே, டீசலுக்கு மட்டும் ஏன் இவ்வளவு அலப்பறை?'னு கேட்குறீங்களா? நல்ல கேள்வி. டீசல் இன்ஜின் எப்பவும் தேவைக்கு மேல காத்தை இழுத்துக்கிட்டுத்தான் எரியும். அதனால, வெளியே வர்ற புகையிலயும் ஆக்சிஜன் மிச்சம் இருக்கும். அவ்வளவு ஆக்சிஜன் இருக்கிற இடத்துல பெட்ரோல் வண்டி டெக்னிக் நாக்ஸ்கிட்ட வேலைக்கு ஆகாது. நாக்ஸை மட்டும் குறி வெச்சு அடிக்க ஒரு ஆள் வேணும். அந்த ஆள்தான் அம்மோனியா.

அம்மோனியாவை அப்படியே லாரியில எடுத்துக்கிட்டுப் போக முடியாது. நெடி தாங்காது, ஆபத்தும்கூட. அதனால யூரியாவா எடுத்துக்கிட்டுப் போறாங்க. சூடான புகையில அதைப் பன்னீர் தெளிக்கிற மாதிரி நாசில் தெளிக்கும். சூட்டுல யூரியா உடைஞ்சு அம்மோனியா ஆகும். அது கேட்டலிஸ்ட் மேல வெச்சு நாக்ஸைப் பிடிக்கும். கடைசியில வெளியே வர்றது நைட்ரஜனும் நீராவியும். அதாவது, காத்துல இருந்து எடுத்த நைட்ரஜனை மறுபடி காத்துக்கே திருப்பிக் கொடுத்துடுறோம்!

இந்த டெக்னிக் பேரு எஸ்.சி.ஆர். ஊத்துற திரவத்துக்கு டி.இ.எஃப்.னு பேரு. நம்ம டிரைவர் அண்ணன்கள் 'ஆட்புளூ'ம்பாங்க, இல்லேன்னா சிம்பிளா 'யூரியா'ம்பாங்க. ஆட்புளூங்கிறது ஜெர்மன் வாகனத் தயாரிப்பாளர்கள் சங்கத்தோட டிரேட் மார்க். பேர்லதான் புளூ... திரவத்துக்குக் கலரே கிடையாது!

கொல்கத்தா கணக்கு

மாமாவுக்குக் கெமிஸ்ட்ரி புரியாது. ஆனா, கணக்குல புலி. டீக்கடையில உட்கார்ந்து, பழைய டிரிப் ஷீட்டுக்குப் பின்னாடி எழுதிக் காட்டினேன்.

கும்மிடிப்பூண்டியில இருந்து கொல்கத்தாவுக்குத் தோராயமா 1,600 கி.மீ. லோடு வண்டி லிட்டருக்கு 4 கி.மீ. கொடுத்தா, 400 லிட்டர் டீசல். யூரியா செலவு டீசல்ல சுமாரா 5 சதவிகிதம். அப்போ 20 லிட்டர். பங்க்ல விக்குதே, சரியா அந்த ஒரு வாளி!

அந்த 20 லிட்டர்ல 32.5 சதவிகிதம் யூரியா. எடைக்கணக்குல கிட்டத்தட்ட 7 கிலோ. கெமிஸ்ட்ரி சமன்பாட்டை அப்படியே போட்டா, 7 கிலோ யூரியா ஏறக்குறைய 11 கிலோ நாக்ஸை ஒழிக்கும். தாள்ல போட்ட கணக்குதான். நிஜத்துல கொஞ்சம் கூடக் குறைய இருக்கும்.

"பதினோரு கிலோவா? காத்துக்கு ஏதுடா எடை?"ன்னார் மாமா.

"வீட்ல இருக்கிற கேஸ் சிலிண்டர்ல 14.2 கிலோ கேஸ் இருக்கு மாமா. அதுல முக்கால்வாசி. டப்பா மாட்டிட்டு ஒரு தடவை கொல்கத்தா போனா, அந்த அளவு விஷத்தை வழியெல்லாம் திறந்துவிட்டுக்கிட்டே போறதா அர்த்தம். முதல்ல விடுறது நம்ம ஊர்லதான்!"

மாமா டீயைக் கீழே வெச்சார். அதுக்கப்புறம் ரொம்ப நேரம் பேசலை.

எண்ணூர் வழி, டெல்லி உத்தரவு

இந்தச் சமாச்சாரம் நேத்து முளைச்சது இல்ல. 1970-கள்லேயே ஜப்பான்ல மின் நிலையப் புகையைச் சுத்தம் பண்ண இதே டெக்னிக்கைப் பயன்படுத்தினாங்க. 2005-ல ஐரோப்பாவுல லாரிகளுக்கு வந்துச்சு.

இந்தியாவுல 2017 ஏப்ரல் 1-ல இருந்து நாடு முழுக்க பாரத் ஸ்டேஜ் 4. அப்போ நம்ம பக்கத்துல ஒரு சுவாரஸ்யமான விஷயம் நடந்துச்சு. பல கம்பெனிகள் யூரியா டேங்க்கை மாட்டினப்போ, எண்ணூர்ல பிறந்து வளர்ந்த அசோக் லேலண்ட், 'யூரியா இல்லாமலே நாங்க செஞ்சு காட்டுறோம்'னு சொல்லி வேற வழியில போச்சு. வெளியே போற புகையில கொஞ்சத்தைத் திருப்பி இன்ஜினுக்கே அனுப்பி, உள்ளே சூட்டைக் குறைக்கிற டெக்னிக் அது. சூடு குறைஞ்சா நாக்ஸ் பிறக்கிறதே குறையும். வியாதிக்கு மருந்து கொடுக்கிறதுக்குப் பதிலா, வியாதியே வராம பார்த்துக்கிற மாதிரி!

ஆனா, 2016 ஜனவரியிலேயே மத்திய அரசு பாரத் ஸ்டேஜ் 5-ஐத் தாண்டிக் குதிச்சு, நேரா 6-க்குப் போறதுன்னு முடிவு பண்ணியிருந்துச்சு. 2020 ஏப்ரல் 1-ல அது அமலுக்கு வந்துச்சு. கனரக டீசல் இன்ஜினுக்கு நாக்ஸ் வரம்பு, யூனிட்டுக்கு 3.5 கிராம்ல இருந்து 0.46 கிராமுக்கு இறங்கிடுச்சு. ஏழுல ஒரு பங்கைவிடக் கொஞ்சம் கம்மி! இந்த வரம்புக்குள்ள வர, பெரிய லாரிகளுக்கு யூரியா இல்லாம முடியலை. அசோக் லேலண்டும் எஸ்.சி.ஆருக்கு வந்தாச்சு.

மணலி மூட்டையும் மீஞ்சூர் தண்ணியும்

'யூரியாதானே? உரக்கடையில ஒரு மூட்டை வாங்கி, போர் தண்ணியில கரைச்சு ஊத்தினா போச்சு!' இந்த ஐடியா உங்களுக்கு இந்நேரம் வந்திருக்கும். மாமாவுக்குக் கேன் வித்தவருக்கும் வந்திருக்கு.

நம்ம ஏரியாவுலேயே, மணலியில மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் இருக்கு. 1966-ல தொடங்கின மத்திய அரசு நிறுவனம். 'விஜய்' யூரியான்னா விவசாயிங்களுக்குத் தெரியும். 45 கிலோ மூட்டைக்கு அரசு வெச்ச விலை 242 ரூபாய். வேம்புப் பூச்சும் வரியும் தனி. உண்மையான செலவு அதைவிடப் பல மடங்கு. மிச்சத்தை அரசு மானியமா கொடுக்குது. அதாவது, உங்க அப்பாவும் என் அப்பாவும் கட்டுற வரி.

அந்த மூட்டையை லாரிக்குக் கரைச்சா மூணு தப்பு.

முதல் தப்பு, திருட்டு. மானிய உரம் விவசாயத்துக்கு மட்டும்தான்னு 1985-ம் வருஷ உரக் கட்டுப்பாட்டு ஆணை சொல்லுது. பொன்னேரி பக்கம் நாத்து நட்டுட்டு யூரியாவுக்காக கூட்டுறவு சொசைட்டி வாசல்ல நிக்கிற விவசாயிக்கிட்ட இருந்து புடுங்குற மூட்டை அது.

ரெண்டாவது, உரக்கடை யூரியாவுல 2015-ல இருந்து கட்டாயமா வேப்ப எண்ணெய் பூசுறாங்க. வயலுக்கு அது வரம். மெதுவா கரையும், கடத்தலும் குறையும். ஆனா, லாரி நாசிலுக்கும் கேட்டலிஸ்ட்டுக்கும் எமன்.

மூணாவது, தண்ணி. ஐ.எஸ்.ஓ. 22241-னு ஒரு தரக்குறியீடு இருக்கு. அதன்படி ஒரு கிலோ திரவத்துல கால்சியம் அரை மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாது. சோடியமும் அப்படியே. மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில கடல் தண்ணி புகுந்து பல வருஷம் ஆச்சு. அங்கே போர் தண்ணியை வாயில வெச்சுப் பார்த்தாலே உப்பு கரிக்கும். அந்தத் தண்ணியில கரைச்சா உப்பெல்லாம் கேட்டலிஸ்ட்ல படிஞ்சு, அதோட கதையை முடிச்சுடும்.

32.5 சதவிகிதம்ங்கிற அளவும் யாரோ குத்துமதிப்பா வெச்சது இல்ல. அந்தக் கலவைதான் உறையுறதுக்கு ரொம்பக் குளிர் கேட்கும். மைனஸ் 11 டிகிரி வரை கல்லாகாது. 'நம்ம ஊர்ல எதுக்கு மைனஸ் கணக்கு?'ன்னா, கரெக்ட்! நம்ம பிரச்னை வெயில். 25 டிகிரியில ஒன்றரை வருஷம் தாங்குற திரவம், 35 டிகிரியில ஆறு மாசம்தான் தாங்கும். கத்திரி வெயில்ல தகரக் கொட்டகையில அடுக்கி வெச்ச வாளியை நினைச்சுப் பாருங்க!

டப்பா மாட்டினது மாமா மட்டுமா?

டப்பா ஐடியாவைக் கேட்டதும் 'சே, நம்ம ஊர்ல மட்டும்தான் இப்படி'ன்னு நினைக்காதீங்க. கோட்டு சூட்டு போட்டவங்களும் இதே வேலையைப் பார்த்திருக்காங்க.

2015 செப்டம்பர்ல அமெரிக்காவுல ஃபோக்ஸ்வேகன் மாட்டுச்சு. லேப்ல டெஸ்ட் நடக்குதுன்னு கார் தானா கண்டுபிடிச்சு நல்ல பிள்ளையா நடந்துக்கும். ரோட்டுக்கு வந்தா, அனுமதிச்ச அளவைவிட 40 மடங்கு வரை நாக்ஸ் கக்கும். உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி கார்கள்ல அந்த சாஃப்ட்வேர். மாமாவோட டப்பா ஒயர்ல இருக்கும். அவங்க டப்பா கோடிங்ல இருந்துச்சு. அவ்வளவுதான் வித்தியாசம்!

2021 ஜூலையில இன்னொண்ணு. பி.எம்.டபிள்யூ.வும் ஃபோக்ஸ்வேகன் குரூப்பும் சேர்ந்து 87.5 கோடி யூரோ அபராதம் கட்டணும்னு ஐரோப்பிய ஆணையம் முடிவு பண்ணுச்சு. குற்றம் என்ன தெரியுமா? ஆட்புளூ டேங்க் எவ்வளவு பெருசா இருக்கணும், திரவத்தை எவ்வளவு தெளிக்கணும்னு போட்டி கம்பெனிகள் ரகசியமா கூடிப் பேசி வெச்சுக்கிட்டாங்க. 'சட்டம் கேட்கிறதைவிட சுத்தமா யாரும் வண்டி விட வேணாம்'னு ஒப்பந்தம்! கூடவே இருந்த டெய்ம்லர் முதல் ஆளா போட்டுக் கொடுத்ததால அபராதத்துல இருந்து தப்பிச்சுது.

இந்தத் திரவம் இல்லாட்டி என்ன ஆகும்னும் உலகம் பார்த்தாச்சு. 2021 அக்டோபர்ல சீனா யூரியா ஏற்றுமதியை இறுக்கிப் பிடிச்சுது. நவம்பர்ல தென் கொரியாவுல லாரிகள் திண்டாடிப் போச்சு. ஆஸ்திரேலியாவுல இருந்து 27,000 லிட்டர் யூரியா கரைசலை ராணுவ விமானத்துல தூக்கிக்கிட்டு வந்தாங்க! ஒரு நாட்டோட லாரியெல்லாம் ஓடணுமா, வேணாமான்னு முடிவு பண்றது டீசல் மட்டும் இல்லேங்கிறது அன்னிக்குப் புரிஞ்சுது.

யார் பிடிப்பாங்க?

மாமா கேட்டதுல ஒரு நியாயம் இருக்கு. டப்பா மாட்டின லாரியை யார் பிடிக்கப் போறாங்க? புகை டெஸ்ட் எடுக்கிற இடத்துல டீசல் வண்டிக்குப் பார்க்கிறது புகையோட அடர்த்தியை மட்டும்தான். நாக்ஸை யாரும் அளக்கிறது இல்ல. கரி ஃபில்டர் நல்லா இருந்தா, டப்பா வண்டியும் ஜோரா பாஸ் ஆகிடும்!

அதனாலதான் வண்டிக்குள்ளேயே ஒரு போலீஸ்காரரை வெச்சிருக்காங்க. சைலன்சர்ல நாக்ஸ் சென்சார். யூரியா தீர்ந்தாலோ, தரம் சரியில்லேன்னாலோ முதல்ல லைட் எரியும். அப்புறம் இழுவையைக் குறைக்கும். யூரோ 6 விதிப்படி, அதுக்கும் மசியலேன்னா வண்டி 20 கி.மீ. வேகத்தைத் தாண்டாது. மாமாவோட 'மாட்டு வண்டி' மர்மம் இதுதான். டப்பா செய்யுறது அந்தப் போலீஸ்காரரோட கண்ணைக் கட்டுற வேலை. வண்டியை விதிக்கு மாறா மாத்தினா, 2019-ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டப்படி ஓனருக்கு ஆறு மாசம் வரை ஜெயில், இல்லேன்னா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லேன்னா ரெண்டும்.

நியாயமா இன்னொண்ணும் சொல்லணும். யூரியா ஊத்திட்டா எல்லாம் சுத்தம்னு நினைச்சுடாதீங்க. புகை சூடு சுமார் 200 டிகிரிக்குக் கீழே இருந்தா இந்தக் கெமிஸ்ட்ரி சரியா நடக்காது. துறைமுகத்துக்குப் போற கன்டெய்னர் லாரிகள் எண்ணூர், மணலி ரோட்ல வரிசை கட்டி நகர்ந்து நகர்ந்து போகும்போது சைலன்சர் அவ்வளவு சூடாகாது. அப்போ எவ்வளவு நல்ல யூரியா இருந்தும் பாதி வேலைதான் நடக்கும். அங்கே தேவை வாளி இல்ல, வரிசை நகர்றதுதான். கார்பன் டை ஆக்ஸைடை இது கொஞ்சம்கூடக் குறைக்காது. 2020-க்கு முன்னாடி வாங்கின லாரிகளும் இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.

அதுக்காக வாளியை வேணாம்னு சொல்ல முடியுமா? பாதிக் கிணறு தாண்டியிருக்கோம். மீதியையும் தாண்டணும்.

மாமா என்ன செஞ்சார்?

ரெண்டு நாள் வண்டி ஷெட்ல நின்னுச்சு. மூணாவது நாள் காலையில மாமா மெக்கானிக்குக்கு போன் பண்ணினார். "கழுவிடுப்பா. டப்பா வேணாம்."

நான் கெத்தா, 'என் கணக்கு ஜெயிச்சுடுச்சு'ன்னு சிரிச்சேன். மாமா விடலை. "போடா... டியூ முடிஞ்சு நாளைக்கு விக்கப் போனா டப்பா மாட்டின வண்டியை எவன் வாங்குவான்?"ன்னார். கொஞ்சம் கழிச்சு, "உன் கணக்கும் கொஞ்சம் உறுத்துச்சு. கொல்கத்தாவுக்கு ஒரு டிரிப்தான். ஆனா, இந்த வழியா தினமும் எத்தினி வண்டி போவுது... அத்தினி பேரும் என்னை மாதிரி 'யாருக்குத் தெரியும்'னு நெனைச்சா?"ன்னார். அவர் வீடு ஜி.என்.டி. ரோட்டுல இருந்து கூப்பிடு தூரத்துலதான் இருக்கு. அத்தை கொடியில துணி காயப் போடுற இடத்துல இருந்து லாரி நம்பரைப் படிக்கலாம்.

நல்லவேளையா கேட்டலிஸ்ட் தப்பிச்சுடுச்சு. நாசிலும் ஃபில்டரும் மாத்தி, டேங்க்கைக் கழுவினதுல ரெண்டு டிரிப் காசு போச்சு. அந்த மாசம் டியூவுக்கு அத்தையோட வளையல் அடகுக் கடைக்குப் போச்சு. கம்மி விலைக் கேன்ல மிச்சம் பிடிச்சது எவ்வளவுன்னு கேட்டேன். மாமா முறைச்சார். கேட்டிருக்கக் கூடாது!

இங்கேதான் எனக்கு ஒரு கோபம். 20 லிட்டர் வாளியில நல்லது எது, போலி எதுன்னு ஒரு டிரைவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? ரெண்டும் தண்ணி மாதிரிதான் இருக்கு. ஒளி விலகலை வெச்சு யூரியா அளவு காட்டுற ரிஃப்ராக்டோமீட்டர் நம்ம காலேஜ் லேப்லேயே தூங்குது. ஒரு சொட்டு போதும். ஆனா, அது யூரியா அளவைத்தான் காட்டும். வேப்ப எண்ணெய், உப்பு எல்லாம் தெரியாது. ரோட்டோரத்துல வெச்சு அதையும் சொல்லுற மாதிரி ஒரு சிம்பிள் கிட் பண்ண முடியாதா? ஃபைனல் இயர் புராஜெக்ட்டை ரெடிமேடா காசு கொடுத்து வாங்குற மச்சான்களே... சிப்காட் வாசல்ல உங்களுக்காக ஒரு நிஜ புராஜெக்ட் காத்துக்கிட்டு இருக்கு!

வீட்ல லாரி ஓட்டுறவங்க இருந்தா சொல்லுங்க...

* சீல் உடையாத வாளி, ஐ.எஸ்.ஓ. 22241 முத்திரை, தயாரிச்ச தேதி. மூணையும் பார்த்து வாங்குங்க.
* வாளியை நிழல்ல வைங்க. கோடையில ஸ்டாக் பண்ணி வைக்காதீங்க.
* டீசல் ஊத்தின புனல், பித்தளை, செம்புப் பாத்திரம் எதையும் பயன்படுத்தாதீங்க. தண்ணி கலக்கவே கலக்காதீங்க.
* தப்பித் தவறி டீசல் டேங்க்ல யூரியாவை ஊத்திட்டா, சாவியைத் தொடாதீங்க. ஸ்டார்ட் பண்ணாம மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.
* மஞ்சள் லைட்டைப் பார்த்த அன்னிக்கே கவனிங்க. ஒரு வாரம் கழிச்சுன்னா வளையல் போகும்!

போன வாரம் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். பாத்ரூம்ல பக்கெட் புதுசா இருந்துச்சு. உத்துப் பார்த்தா, யூரியா வாளி! காலியானதை நல்லா கழுவி வெச்சிருக்காங்க அத்தை. "இது எத்தனாவது வாளி அத்தை?"ன்னு கேட்டேன். "நாலாவது. மீதி மூணும் பக்கத்து வீட்டுக்காரங்க கேட்டாங்கன்னு கொடுத்துட்டேன்"னாங்க.

நாலு வாளி. மனசுக்குள்ள கணக்குப் போட்டுக்கிட்டே ஒரு சொம்பு தண்ணியை மொண்டு ஊத்தினேன். நாப்பத்தி நாலு கிலோ!